கிணற்று மோட்டாரும் எட்டாம் வகுப்புப் பாடமும்

(கோவையில் ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் முன்னிலையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பள்ளி அறிவியலை நம் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள், அதைப் பற்றி அவர்கள் மனசில் என்ன இருக்கிறது என்பதைப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். இதில் நம் வட்டாரத்தில் ஆய்வே நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோவை, ஈரோடு, சேலம் பக்கம் எந்தக் கல்வியியல் கல்லூரி நூலகத்துக்குப் போனாலும் கெட்டி அட்டை போட்ட எம்.எட்., எம்.ஃபில். ஆய்வேடுகள் அலமாரி கொள்ளாமல் அடுக்கியிருக்கும். மேல்நிலை மாணவர்களின் அறிவியல் மனப்பான்மை, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் அறிவியல் ஆர்வமும் அடைவும் என்ற வகையில் தலைப்புகள் இருக்கும். உள்ளே புரட்டினால் வாக்கியங்களின் பட்டியல் ஒன்று வரும். 'அறிவியல் பாடம் எனக்குப் பிடிக்கும்', 'அறிவியல் வகுப்பு சலிப்பூட்டுகிறது' என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். பிள்ளை ஒரு கட்டத்தில் டிக் போடும். பிறகு ஆண், பெண், கிராமம், நகரம், அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, தமிழ் வழி, ஆங்கில வழி என்று பிரித்து டி-சோதனை போட்டு, 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று முடித்திருப்பார்கள்.

அந்த ஆய்வு மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு வருடத்துக்குள் தலைப்பு எடுத்து, பள்ளியில் அனுமதி வாங்கி, தரவு சேகரித்து, டைப் அடித்து, பைண்டிங் கொடுத்து, வாய்மொழித் தேர்வையும் முடிக்க வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் இத்தனை ஏடுகளைப் படித்தும் ஒரு பிள்ளையின் குரல் என் காதில் விழுந்ததில்லை. முந்நூறு பிள்ளைகளிடம் கேட்டிருப்பார்கள். ஒரு பிள்ளைகூட சொந்தமாக ஒரு வாக்கியம் பேசியிருக்காது. இன்றைக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். மற்ற எல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். 1975இல் ஆஸ்திரேலியக் கல்வியாளர் பால் கார்ட்னர், அறிவியல் மீதான விருப்பு வெறுப்பு வேறு, அறிவியல் முறையில் சிந்திக்கும் குணம் வேறு என்று எழுதினார். அறிவியல் பிடிக்கும் என்று சொல்கிற பிள்ளை சான்று கேட்டுச் சிந்திக்கும் பிள்ளையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சதா கேள்வி கேட்டுத் துளைக்கிற பிள்ளைக்கு அறிவியல் வகுப்பு பிடிக்காமலும் போகலாம். நம் ஆய்வேடுகள் பலவற்றில் இரண்டும் ஒரே வினாத்தாளில் கலந்து கிடக்கின்றன. கலந்ததைக் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்தால் அந்த எண் எதைச் சொல்கிறது?

விருப்பத்தைப் பற்றி உலக அளவில் செய்யப்பட்ட பெரிய ஆய்வு ஒன்று உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்வைன் ஷோபெர்க், கமில்லா ஷ்ரைனர் இருவரும் நடத்திய 'ரோஸ்' ஆய்வு. சுமார் 40 நாடுகளில் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். அதில் தெரியவந்தது பலரைத் திடுக்கிட வைத்தது. வளர்ந்த நாடுகளில்தான் பிள்ளைகள் பள்ளி அறிவியலை அதிகம் ஒதுக்குகிறார்கள். நார்வே, ஜப்பான் போன்ற இடங்களில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளில், விஞ்ஞானி ஆக விரும்பியவர்கள் சொற்பம். உகாண்டா, வங்கதேசம் போன்ற நாடுகளில் பிள்ளைகள் அறிவியல் என்றால் பறக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு நாம் நிம்மதி அடையலாம். நம் பிள்ளைகளுக்கும் பிடிக்கத்தான் செய்கிறது என்று. எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. ஏழை நாட்டுப் பிள்ளை அறிவியலை விரும்புவதில் பாதி, வறுமையிலிருந்து ஏறிவரும் ஏணி அதுதான் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை உண்மையானது, மதிக்க வேண்டியது. ஆனால் ஏணியின் மேல் உள்ள பிடிப்பை அறிவியல் மேல் உள்ள பிடிப்பு என்று எடுத்துக்கொண்டால், மேலே ஏறிய பிறகு என்ன மிஞ்சும் என்று நாம் கேட்காமல் விட்டுவிடுவோம்.

2009இல் இங்கிலாந்தில் லூயீஸ் ஆர்ச்சர் தலைமையில் தொடங்கிய 'ஆஸ்பயர்ஸ்' ஆய்வு இன்னும் நெருங்கிப் பார்த்தது. பத்து வயதிலிருந்து பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கேட்டார்கள், பெற்றோரிடமும் பேசினார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அறிவியல் வகுப்பு பிடித்திருந்தது. ஆனால் விஞ்ஞானி ஆவேன் என்றவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில்தான். 'அது நல்லதுதான், ஆனா எனக்கு இல்லை' என்ற எண்ணம். அந்த எண்ணம் மூளையைப் பொறுத்து வரவில்லை, வீட்டைப் பொறுத்து வந்தது. வீட்டில் யாராவது அறிவியல் பேசுகிறார்களா, அந்த வேலையில் இருக்கிற மாமனோ சித்தப்பாவோ உண்டா, அறிவியல் தெரிந்தால் அன்றாட வாழ்வில் உதவும் என்று யாராவது காட்டியிருக்கிறார்களா என்பதைப் பொறுத்து வந்தது.

இந்த இடத்தில்தான் கொங்கு நாட்டை நினைத்து நான் நின்றுவிடுகிறேன். இந்தியாவில் தயாராகும் பம்புகளில் ஏறத்தாழ பாதி இங்கே தயாராகிறது என்பார்கள். கணபதியிலும் பீளமேட்டிலும் சந்துக்குச் சந்து லேத்துப் பட்டறை. காயில் கட்டுகிற கடை இல்லாத சிற்றூர் இல்லை. கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912இலிருந்து இந்த ஊரில் இருக்கிறது; வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது; ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் மின்மோட்டார் செய்தார்கள். அவர் கதையை நாம் பிள்ளைகளிடம் சொல்லும்போது, படிக்காமலே மேதை ஆனார் என்ற பகுதியோடு நிறுத்திவிடுகிறோம். அது அவருக்குச் செய்கிற நியாயமல்ல. 1945இல் இங்கே பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வர முன்நின்றவர் அவர். அந்தப் பொறியியல் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. கிணத்துக்கடவு பக்கம் கோதவாடியில் தமிழ் வழியில் படித்து வந்த மயில்சாமி அண்ணாதுரை அதே கல்லூரியில் பொறியியல் படித்தார். 2008 அக்டோபரில் கிளம்பிய சந்திரயான்-1 திட்டத்துக்கு இயக்குநரானார். பட்டறையும் பள்ளியும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு ஊரில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட ஊரில், அப்பா மோட்டார் ரீவைண்டிங் செய்கிற வீட்டுப் பிள்ளை, 'எங்க வீட்ல யாருக்கும் சயின்ஸ் தெரியாதுங்' என்று சொல்கிறது. காயில் கட்டும் கை செய்வது அறிவியல் என்று யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. பாடப்புத்தகத்தில் இருக்கிற மின்காந்தத் தூண்டலும், ராத்திரி எட்டு மணிக்கு அப்பா சுற்றிக்கொண்டிருக்கிற தாமிரக் கம்பியும் ஒரே விஷயம் என்று தெரியாமலே அது பத்தாம் வகுப்பைத் தாண்டிப் போய்விடுகிறது.

விஞ்ஞானி என்றால் யார் என்ற படமும் இதில் சேர்ந்தது. டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 4,807 பிள்ளைகளை விஞ்ஞானி ஒருவரை வரையச் சொல்லி 1983இல் முடிவுகளை வெளியிட்டார். வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, தாடி, குடுவை. பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர்தான்; அந்த 28 பேரும் பெண் பிள்ளைகள். மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் சுக்ரா சுனாவாலா முதலியோர் இந்தியப் பிள்ளைகளிடம் இதே திசையில் ஆராய்ந்திருக்கிறார்கள். நீங்களும் உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள். ஒரு தாளும் பென்சிலும் போதும். படத்தைப் பார்த்ததும் நிறுத்திவிடாதீர்கள். 'இவர் காலையில எந்திரிச்சதும் என்ன செய்வாரு?' என்று கேளுங்கள். படத்தைவிட அந்தப் பதில் அதிகம் பேசும்.

இனி கற்றலுக்கு வருகிறேன். இதில்தான் நான் சற்று நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரோசலிண்ட் டிரைவர் 1983இல் ஒரு சிறு நூல் எழுதினார். பிள்ளை வகுப்புக்குள் வரும்போதே உலகத்தைப் பற்றிச் சில விளக்கங்களை உண்டாக்கி வைத்துக்கொண்டுதான் வருகிறது; ஆசிரியர் சொல்வதை அந்த விளக்கத்துக்குள் பொருத்தித்தான் கேட்கிறது என்பது அவர் காட்டிய உண்மை. அந்த விளக்கங்கள் லேசில் போவதில்லை. 1987இல் வந்த ஓர் ஆவணப்படத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளில் 23 பேரிடம் கோடைக்காலம் ஏன் வருகிறது என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார்கள். 21 பேர் தவறாகச் சொன்னார்கள். பூமி சூரியனுக்குக் கிட்டே போவதால் வெயில் அதிகம் என்ற, சின்ன வயதில் தானாக வந்த விளக்கம் அத்தனை படிப்பையும் தாண்டி அப்படியே உட்கார்ந்திருந்தது.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். பெருந்துறைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. ஒளிச்சேர்க்கை பாடம் முடிந்து தேர்வும் எழுதிவிட்டார்கள். சமன்பாடு எல்லாருக்கும் மனப்பாடம். நான் ஒரு கேள்வி கேட்டேன்: "ரோட்டோரத்துப் புளியமரம் ஒண்ண வெட்டி எடை போட்டா டன் கணக்குல வரும். ஆரம்பத்துல அது ஒரு புளியங்கொட்டை. அவ்வளவு எடை எங்கிருந்து வந்துச்சு?"

"மண்ணுலிருந்துங் சார்" என்றது வகுப்பில் பாதி. "தண்ணிங் சார்" என்றார்கள் சிலர். "எங்க தோட்டத்துல மஞ்சளுக்கு யூரியா வெச்சா மூணே நாள்ல தளதளன்னு வந்துருமுங். அப்ப உரந்தானுங்களே" என்றான் ஒரு பையன். வகுப்பே தலையாட்டியது. அப்போது கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சிலிருந்து ஒரு பெண் பிள்ளை மெதுவாகக் கேட்டது: "மண்ணுலிருந்து வந்துச்சுன்னா, மரத்தச் சுத்திப் பெரிய குழி உழுந்திருக்கணுமேங் சார்?"

அந்தக் கேள்வியின் வயது நானூறு ஆண்டுக்குக் கிட்ட. பெல்ஜியப் பகுதியில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வந்தது. மண்ணைக் காயவைத்து நிறுத்தால் குறைந்தது 2 அவுன்ஸ். அவர் இறந்த பின் 1648இல் அது அச்சில் வந்தது. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். காற்று அவர் கணக்கில் வரவில்லை. நம் பெருந்துறைப் பிள்ளை நின்ற இடமும் அவர் நின்ற இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கிருந்து ஒரு எட்டு வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுக்குப் போய்விடலாம். யூரியா சொன்ன பையனும் தப்புச் சொல்லவில்லை. தழைச்சத்து இல்லாமல் பச்சையம் ஏது? ஆனால் மரத்தின் பருமன் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தது. இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பேச அந்த வகுப்பில் இடம் கிடைத்திருந்தால், விவசாயி வீட்டுப் பிள்ளைகள் ஒளிச்சேர்க்கையை வாழ்நாளுக்கும் மறந்திருக்க மாட்டார்கள். சமன்பாட்டை அவர்கள் பரீட்சைக்குக் கற்றார்கள். உரம் பற்றிய அறிவு தோட்டத்திலேயே தங்கிவிட்டது. இரண்டும் சந்திக்கவே இல்லை.

இந்தச் சந்திப்பு தானாக நடக்காது என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2025இல் 'நேச்சர்' இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வியாபாரம் செய்யும் பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பிள்ளைகள் பலசரக்குக் கணக்கை மனசுக்குள்ளேயே நொடியில் போட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கணக்கு வடிவில் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். பள்ளியில் படிக்கும், சந்தை வேலை தெரியாத பிள்ளைகளுக்கு நேர்மாறு. கணக்கு பற்றிய ஆய்வுதான் அது. அறிவியலுக்கும் இதுவே பொருந்தும் என்பது என் எண்ணம்.

இப்போது கிணறு. நான் பேச வந்ததில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

நம் பக்கத்துக் கிணறுகளை வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்த்தால் பயப்படுவார்கள். பாறையை உடைத்து இறக்கிய கிணறு. எண்பது அடி, நூறு அடி ஆழம். அப்பிச்சி காலத்தில் மாடு கட்டிக் கவலை ஓட்டினார்கள். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மெதுமெதுவாக மோட்டார் வந்தது. அந்த மோட்டாரை ஏன் மேலே வைக்காமல், கிணற்றுக்குள் பாதியில் திட்டு கட்டி இறக்கி வைத்தார்கள்? தண்ணீர் கீழே போகப்போக மோட்டாரையும் ஏன் கீழே இறக்கினார்கள்? மழைக் காலத்தில் தண்ணீர் ஏறி மோட்டார் முங்கிவிடும் என்று ராத்திரியோடு ராத்திரியாகச் சங்கிலி போட்டு மேலே தூக்கினார்களே, அத்தனை பாடு எதற்கு?

பம்பு தண்ணீரை இழுப்பதாக நாம் சொல்கிறோம். உண்மையில் குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைப்பது மட்டும்தான் பம்பின் வேலை. கிணற்றுத் தண்ணீர்ப் பரப்பின் மேல் வெளிக்காற்று அழுத்துகிறது. அந்த அழுத்தம் தண்ணீரைக் குழாயில் ஏற்றுகிறது. வெளிக்காற்றால் எவ்வளவு உயரம் ஏற்ற முடியும்? கடல் மட்டத்தில் 10.3 மீட்டர், அதற்கு மேல் எந்தக் கம்பெனி மோட்டாரானாலும் உறிஞ்சி ஏற்றாது. உராய்வும் கசிவும் போக நடைமுறையில் இருபது, இருபத்தைந்து அடிதான். அதனால்தான் மோட்டாரைத் தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்க வேண்டியிருந்தது. பம்பிலிருந்து மேலே தள்ளுவதற்கு இந்த வரம்பு இல்லை. ஃபுட் வால்வு ஒழுகிக் குழாயில் காற்று புகுந்துவிட்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. 'காத்துப் புடிச்சுக்கிச்சு' என்று சொல்லி, மேலே திறந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள்.

கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் இதே பிரச்சினை வருகிறது: குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் உறிஞ்சு பம்பு தண்ணீரை ஏற்ற மறுக்கிறது. அவருடைய விளக்கம் சரியாக அமையவில்லை. சில ஆண்டுகளில் அவர் சீடர் டாரிசெல்லி தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியான பாதரசத்தை எடுத்துக்கொண்டு, அது சுமார் 76 சென்டிமீட்டரில் நிற்பதைக் காட்டினார். காற்றுக்கு எடை உண்டு, அது அழுத்துகிறது என்பது அப்படி நிலைபெற்றது. கிணற்றடியில் கிளம்பிய ஒரு கேள்விதான் காற்றழுத்தமானியைக் கொண்டுவந்தது.

நம் எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்' என்று ஒரு பாடம் இருக்கிறது. டாரிசெல்லி இருக்கிறார், பாதரசம் இருக்கிறது, 76 சென்டிமீட்டர் இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் கிணறு இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பாதரசத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. காத்துப் பிடித்த மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். எதிலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டும்?

இன்னொன்றும் சொல்கிறேன், இயற்பியல் ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் வரும் 10.3 மீட்டர் கடல் மட்டக் கணக்கு. கோவை சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு. அந்த உயரம் சுமார் அரை மீட்டர் குறையும். வால்பாறைக்குப் போனால் ஒரு மீட்டருக்கு மேலேயே குறையும். கோவைப் பிள்ளையும் வால்பாறைப் பிள்ளையும் ஒரே கணக்கைப் போட்டு வேறு வேறு விடை வாங்கலாம், இரண்டுமே சரியாக இருக்கும். அறிவியலில் தன் ஊருக்கும் ஒரு எண் உண்டு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். இதையெல்லாம் ஒரு பாடவேளையில் முடிக்க முடியாது. ஒரு வாரம் எடுக்கட்டும். அந்த ஒரு வாரத்தில் கிணறு வற்றிய கதையும், ஆயிரம் அடி போர் போட்ட கதையும், நீர்மூழ்கி மோட்டார் ஏன் இந்த வரம்புக்கு அடங்குவதில்லை என்பதும் சேர்ந்து வரும். அப்பாரிடம் கேட்டு வரச் சொன்னால் வீட்டில் ஒரு பெரியவருக்கும் மதிப்பு கூடும்.

திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளிடம் பேசினால் வேறொன்று தெரியும். நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் சாயக்கழிவு என்ன செய்தது என்று அவர்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட நாள்களை வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறார்கள். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். என்றால் என்ன என்று கேட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். தண்ணீர் கேன் வாங்கும் வீடு ஒவ்வொன்றிலும் புழங்குகிற வார்த்தை அது. வேதியியல் வகுப்பில் உப்புகள் பற்றிய பாடம் நடக்கும்போது ஆறு மட்டும் வகுப்புக்குள் வராது. அப்பா வேலை செய்வது பட்டறையில், தாத்தாவின் பூமி கெட்டது அதே பட்டறைத் தண்ணீரில். அந்தப் பிள்ளைக்கு அறிவியல் மீது என்ன உணர்வு இருக்கும்? கோபமா, பயமா, இதைச் சரிசெய்ய வேண்டும் என்ற வேகமா? ஐந்து கட்ட வினாத்தாளில் இதற்கு இடமில்லை. இதைக் கேட்ட ஆய்வேடு ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளைப் பற்றிப் பேசாமல் இந்தப் பொருளை முடிக்க முடியாது. கோழிப்பண்ணைப் பள்ளி என்று மக்களே பெயர் வைத்துவிட்டார்கள். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையை, நகையை அடகு வைத்தாவது அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற பெற்றோரை நான் குறைவாகப் பேச மாட்டேன். அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது. அங்கே நடந்தது என்ன? பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருடம் திரும்பத் திரும்பத் தேர்வு வைத்தார்கள். விடிகாலை ஸ்டடி, ராத்திரி ஸ்டடி. ஆய்வகம் என்பது செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம் திறக்கும் அறை. தமிழ்நாட்டு அரசு 2017இல் தர வரிசை அறிவிப்பதை நிறுத்தியது. அடுத்த ஆண்டு பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அது கைவிடப்பட்டது. விதிகள் மாறின. நீட் வந்த பிறகு ஸ்டடி நேரம் குறையவில்லை, புத்தகம்தான் மாறியது. அந்தப் பள்ளிகளிலிருந்து வந்த நல்ல மருத்துவர்களும் பொறியாளர்களும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் பள்ளியை விட்ட பின் ஓர் இயற்பியல் புத்தகத்தை ஆசையாக எடுத்துப் படித்திருப்பார்கள்? ஆய்வாளர்கள் போய்க் கேட்க வேண்டியது அவர்களைத்தான்.

வேறு மாதிரி செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் ஹோஷங்காபாத்தை நினைவூட்டுவேன். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு அமைப்புகளும் சேர்ந்து 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தல் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். விலை குறைந்த கருவிப் பெட்டி, செய்து பார்த்துத் தானே எழுதும் பாடப்புத்தகம், புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு. அரசுப் பள்ளி, அரசு ஆசிரியர், கிராமத்துப் பிள்ளைகள். பிறகு 'ஏகலவ்யா' அமைப்பு அதை நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்கு எடுத்துச் சென்றது. 2002இல் மாநில அரசு அதை நிறுத்தியது. முப்பது வருடம் நடந்த வேலை அது. இன்னும் அதிலிருந்து கற்க நிறைய இருக்கிறது.

நம்மிடமும் இல்லாமல் இல்லை. ஜி.ஆர். தாமோதரன் இந்தக் கோவையிலிருந்து 'கலைக்கதிர்' என்ற அறிவியல் இதழை நடத்தினார். ஈரோட்டுப் பக்கத்துக்காரரான பெரியசாமித் தூரன், அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியில் உருவான தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும், அதன் பிறகு குழந்தைகளுக்கென்றே தனிக் கலைக்களஞ்சியத்தையும் பதிப்பித்தார். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இலிருந்து 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழை நடத்துகிறது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடமாடும் ஆய்வகமாகக் கருவிகளைக் கொண்டுபோகிறது. 13,000க்கும் மேற்பட்ட பள்ளிகள். இது பெரிய காரியம். ஆனால் கருத்தாளர் வந்து காட்டிவிட்டுப் போன பிறகு பிள்ளை என்ன நினைத்தது என்பதை யாராவது எழுதி வைக்கிறோமா?

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போகிறீர்கள். பாடக்குறிப்பு எழுதுகிறீர்கள், கற்பித்தல் துணைக்கருவி செய்கிறீர்கள், சார்ட் வரைகிறீர்கள். அதோடு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாடம் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பிள்ளைகள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே, 'ங்' விடாமல், திருத்தாமல் எழுதுங்கள். சரி தப்பு அங்கேயே சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அடுத்த பிள்ளை வாயைத் திறக்காது. பாடம் முடிந்து ஒரு மாதம் கழித்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டு அதையும் எழுதுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம். வகுப்பு, ஊர், வீட்டில் என்ன தொழில் என்பது போதும்.

இந்த அறக்கட்டளைக் குடும்பத்தாரிடமும் கல்லூரி முதல்வரிடமும் முன்பே பேசியிருக்கிறேன். அந்த நோட்டுகளைச் சேர்த்து வைக்க நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்க அவர்கள் இசைந்திருக்கிறார்கள். எம்.எட். மாணவர்கள் அதிலிருந்து ஆய்வுத் தலைப்பு எடுக்கட்டும். டி-சோதனை தேவைப்பட்டால் அதையும் போடட்டும், ஆனால் பிள்ளையின் வாக்கியத்துக்குப் பிறகு போடட்டும். முதல் கேள்வியாகக் கிணற்றையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை: 'மோட்டார் போட்டா கெணத்துத் தண்ணி எப்படி மேல வருது?' எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்' நடத்துவதற்கு முந்தின வாரமே கேட்டுவிட வேண்டும். கிணறு இல்லாத வீட்டுப் பிள்ளைகளிடமும், அப்பார்ட்மெண்டில் இருக்கும் நகரத்துப் பிள்ளைகளிடமும் அதே கேள்வியை அப்படியே கேளுங்கள். அவர்கள் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொல்வார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.